பரீட்சைக்காக நடந்த அக்கா

ஜேர்மன் மொழி படிக்க வருகிறவர்கள் முதல் நாளில் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். எத்தனை மாதத்தில் பாஸ் பண்ணலாம்? இலக்கணம் விளங்காமல் எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போனால் சரிவருமா? மேசைக்கு ஏன் ஆண்பால், விளக்குக்கு ஏன் பெண்பால்? கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் இந்த நாலில் எது கஷ்டம்? பெயில் விட்டால் திரும்ப எப்போது எழுதலாம்? மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் வகுப்பு நடத்திய எங்கள் சேர், இதையெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே வெள்ளைப் பலகையில் எழுதி, பக்கத்தில் பதிலையும் எழுதி வைத்துவிடுவார். காத்தான்குடிக்காரர். பல வருடம் ஜேர்மனியில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அவருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

"எல்லாக் கேள்வியும் இதில இரிக்கு. இனி ஆரும் வாயத் திறக்கத் தேவல்ல. பாடத்துக்குப் போவம்" என்றார்.

அந்தப் பலகையில் இல்லாத ஒரு கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது.

"சேர், சோதினையில உண்மைதான் சொல்லணுமா?"

வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரித்திருப்பேன். திரும்பிப் பார்த்தால், வெளிர்நீலச் சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தார். எங்கள் எல்லாரையும்விடப் பத்து வயதாவது மூத்தவர். பகிடி விட்ட முகமாகத் தெரியவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

அந்த வகுப்பில் பாதிக்கு மேல் என்னைப்போலப் புதுப் பெண்டாட்டிகள்தான். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். பின்னாலேயே நாங்கள் போய்ச் சேர்வதென்றால் முதல் நிலை ஜேர்மன் பரீட்சையைப் பாஸ் பண்ணிய சான்றிதழ் வேண்டும். நான் களுவாஞ்சிக்குடி. அந்த அக்கா ஆரையம்பதி. இருவருக்கும் ஒரே பஸ் என்பதால் ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்துச் சீற்றுக்காரர்கள் ஆகிவிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் புள்ள; எங்கள் பக்கத்துப் பெண்கள்போல, பேச்சின் முடிவில் செல்லமாக ஒரு 'கா'வும் போடுவார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

பேச்சுப் பரீட்சையில் முதலில் தன்னைத்தானே அறிமுகப்படுத்த வேண்டும். பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், தொழில், பொழுதுபோக்கு. சேர் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை எழுதித் தந்திருந்தார். 'நான் என் குடும்பத்துடன் வசிக்கிறேன். எங்களிடம் ஒரு பூனை இருக்கிறது. ஓய்வு நேரத்தில் நான் நடக்கப் போவேன்' என்று அது போகும். நாங்கள் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தோம். நான் அதோடு நிற்காமல் நீச்சல், பியானோ என்றும் அடித்துவிட்டேன். பியானோவை நான் டிவியில்தான் கண்டிருக்கிறேன். ஜேர்மன்காரன் என்ன, களுவாஞ்சிக்குடிக்கு வந்தா பார்க்கப்போகிறான்?

அக்காவின் முறை வந்தது. எழுந்து பெயர் சொன்னார். வயது சொன்னார், ஒன்றும் குறைக்காமல். 'என் குடும்பத்துடன்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

"என்ன தங்கச்சி, பாடமில்லயா?" என்றார் சேர்.

"பாடம் சேர். ஆனா நான் தனியத்தானே இரிக்கன்."

"பரவால்ல, சும்மா சொல்லுங்க."

"பூனையும் இல்ல சேர்."

"யா அல்லாஹ்! உங்கட வீட்டில பூன இரிக்கா எண்டு ஆரு வந்து பாக்கப் போறது? அவங்களுக்குத் தேவ வசனம். உண்மையில்ல!"

அக்கா தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டார். நான் முழங்கையால் இடித்து, "சொல்லுங்களன் அக்கா, வாய்க்கு என்ன வாடகையா?" என்றேன். "பொய்யெண்டு தெரிஞ்சா எனக்கு நாக்கு புரளுதில்ல புள்ள" என்றார், ஏதோ தொண்டை நோ என்று சொல்வதுபோல.

அடுத்த கிழமை அதே அக்கா எழுந்து பூனை வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொன்னார். சேர் கைதட்டினார். படியிறங்கும்போது, "பாத்தீங்களா, பொய் சொல்லப் பழகிட்டீங்க" என்று சீண்டினேன்.

"இல்லகா. மீன் சந்தையடியில ஒரு குட்டி அலைஞ்சு திரிஞ்சிது. பிடிச்சிட்டு வந்திட்டன். இப்ப சொல்லலாம்தானே."

இதுதான் அக்கா. ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் அதை உண்மையாக்கிவிட்டு வருவார். இதை நான் விளங்கிக்கொள்ளச் சில காலம் எடுத்தது. விளங்கிய பிறகு கேலி பண்ணுவதற்கு எனக்கு நல்ல தீனி கிடைத்தது. 'நான் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போனேன்' என்ற வாக்கியம் வந்த பாடத்தன்று, "அக்கா, இனி ஞாயிறு வரைக்கும் வாய் திறக்கமாட்டீங்க" என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆரோட போறது?" என்று கேட்டார்.

நடக்கப் போவதும் அப்படித்தான் தொடங்கியது. பின்நேரம் வெயில் சாய்ந்ததும் வாவிக்கரையோடு நடப்பார். எங்கள் ஊர்களில் ஒரு பெண் கையில் பையில்லாமல், கோயிலுக்கும் போகாமல், சும்மா நடந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். வலை காயப்போடுகிற இடத்தில் இருந்த பெண்கள் விசாரித்தார்களாம்.

"என்ன மகள், சீனி வருத்தமா?"

"இல்ல மாமி. சோதினைக்கு நடக்கன்."

இதைக் கேட்டு ஊர் என்ன நினைத்திருக்கும் என்று எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் அக்காவுக்கு அந்த நடை பிடித்துப்போனது. கரையில் இருப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்லலாம். வீட்டில் யார் கேட்கிறார்கள்?

எழுதும் பரீட்சைக்காக ஒரு கடிதம் எழுதச் சொன்னார் சேர். பிறந்தநாளுக்கு நண்பி ஒருத்தியை அழைக்க வேண்டும்: எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவர வேண்டும், வேறு யார் வருகிறார்கள். நாங்கள் எல்லாரும் கேக்கும் பலூனுமாக எழுதித் தள்ளினோம். அக்கா எழுதியதை சேர் சத்தமாக வாசித்தார். கேலி பண்ணத்தான் எடுத்தார். 'அன்புள்ள தோழி, எனக்கு வெள்ளிக்கிழமை பிறந்தநாள். நான் கொண்டாடுவதில்லை. வேறு யாரும் வரமாட்டார்கள். நீ நாலு மணிக்கு வா. ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.' வாசித்து முடித்தவர் தாளை மேலிருந்து கீழே இன்னொருமுறை பார்த்தார். பிறகு, "பிழ ஒண்டுமில்ல. முழுப் புள்ளி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஆரையம்பதியில் இறங்கினேன். பிறந்தநாள் உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். வாவியைப் பார்த்த பெரிய கல்வீடு. முன்னுக்கு விறாந்தை, மூன்று அறை, தரைக்கு மாபிள். இவ்வளவு பெரிய வீட்டில் அக்காவும் அந்தச் சந்தைப் பூனையும் மட்டும். ஆறு கதிரை போட்ட சாப்பாட்டு மேசையில் ஐந்து கதிரையின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. "ரேடியோவையாவது போட்டு விடலாமே, ஆள் இரிக்கிற மாதிரிக் கேக்கும்" என்றேன். "ஆளில்லாத வீட்டில ஆள் சத்தம் கேட்டா இன்னும் பயமா இரிக்கும் புள்ள" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு. மூத்தவளுக்குக் கலியாணமானதும் அந்த வீட்டை அவளுக்கே விட்டுவிட்டு, தாய் தகப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்தவளின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புதுச் சோடி தங்கள் பாட்டில் இருக்கட்டும் என்று. அக்காவின் அப்பா வவுணதீவுப் பக்கம் வட்டையில், அதாவது வயல்வெளியில், இருந்த காணியை விற்று இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அக்காவுக்கு மாப்பிள்ளை அமைய வயது ஏறிவிட்டது. கடைசியில் ஜேர்மனியிலிருந்து ஒருவர் அமைந்தார். அம்மா முறைப்படி இரண்டு ஒழுங்கை தள்ளி இளையவளின் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை லீவு முடியும்வரை இருந்துவிட்டு விமானம் ஏறினார். புதுச் சோடிக்காக விட்டுக்கொடுத்த வீட்டில் அக்கா மிஞ்சினார்.

"அம்மாவக் கூப்பிட்டு வெச்சிருக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"கேட்டனான். வரமாட்டா. மாப்பிள குடியேறின வீட்டில தாய் திரும்பிப் போய் இருந்தா, மாப்பிள விட்டுட்டான் எண்டு அர்த்தமாம். ஊரே சொல்லுமாம்."

அது உண்மைதான். எங்கள் ஊரில் யாரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. தாய் எந்த வீட்டில் படுக்கிறார் என்பதை வைத்தே மகளின் கலியாணம் எப்படிப் போகிறதென்று சொல்லிவிடுவார்கள். தங்கை முதலில் கொஞ்சக் காலம் இரவில் துணைக்கு வந்தாள். அவளுக்கும் கலியாணம் பேசத் தொடங்கியதும் அது நின்றது. ஆக, அக்காவுக்கு அந்தத் தனிமையிலிருந்து வெளியே வர ஒரே வழி பரீட்சைதான். பாஸ் பண்ண வேண்டும், விசா எடுக்க வேண்டும், கணவரிடம் போய்ச் சேர வேண்டும்.

கணவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். நான் கண்டதில்லை. ஒரு முறை பஸ்ஸில் இருக்கும்போது அழைப்பு வந்தது. "சோதினைக்குக் காசு கட்டியாச்சா? எப்ப? சரி" என்று அவர் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கும் விழுந்தது. அவ்வளவுதான். அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அடுத்தது ஏதாவது வரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கொழும்பில் நடந்த பரீட்சைக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். பேசும் பரீட்சையில் நான்கு பேர் ஒரு குழு. நாங்கள் இருவரும் ஒன்றில் விழுந்தோம். நான் பியானோவும் நீச்சலுமாக வெளுத்து வாங்கினேன். அக்கா அழகாகத் தொடங்கினார். பெயர், வயது, பூனை, நடை. பரீட்சை நடத்திய பெண்மணி புன்னகையோடு, "யாருடன் வசிக்கிறீர்கள்?" என்று ஜேர்மனில் கேட்டார். அக்காவுக்கு வாக்கியம் தெரியும். 'தனியாக' என்ற சொல்லும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் கலியாணம் பொய்யென்று நினைத்துவிடுவார்கள், விசா கிடைக்காது என்று வகுப்பில் யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். குடும்பத்துடன் என்று சொல்ல நாக்குப் புரளவில்லை. தனியாக என்று சொல்லப் பயம். அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெண்மணி திரும்பவும் மெதுவாகக் கேட்டார். அதற்குப் பிறகு வந்த எந்தக் கேள்விக்கும் அக்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நான் பாஸ். அக்கா பெயில்.

சேர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சோதினைக்காரங்களுக்கும் விசாக்காரங்களுக்கும் சம்பந்தமே இல்ல தங்கச்சி! நீங்க நிலாவில வசிக்கிறன் எண்டு சொன்னாலும் வசனம் சரியெண்டா புள்ளி போடுவாங்க!" பலகையில் எழுதியிருந்த கேள்விகளுக்குக் கீழே அன்றைக்குத்தான் அவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: 'பரீட்சையில் உண்மை சொல்ல வேண்டுமா? தேவையில்லை. சொன்னாலும் பிழையில்லை.'

இரண்டாம் முறை அக்கா தனியாகப் போய்வந்தார். முடிந்த கையோடு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"புள்ள, அதே கேள்விதான் கேட்டாங்க. தனிய எண்டு சொன்னன்."

"மறுகா என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல. நன்றி எண்டு சொல்லிட்டு அடுத்த ஆளிட்டப் போயிட்டாங்க." சற்று நின்று, "அதச் சொல்லத்தான் நான் இவ்வளவு காலம் பயந்தனான்" என்றார்.

பாஸ். நல்ல புள்ளி. சேர் வகுப்புக்கே சுடச்சுடப் பற்றிஸ் வாங்கிக் கொடுத்தார்.

இதற்கிடையில் தங்கைக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர். பெட்டியோடு வந்து இளையவளின் வீட்டில் குடியேறினார். அம்மாவுக்கு இனிப் போக மூன்றாவது வீடு இல்லை. அந்த வளவின் பின்னாலே தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு அதற்குள் போனார். இந்தப் பக்கம் மூன்று அறையும் மாபிள் தரையும் காற்று வாங்கிக் கிடந்தன. அக்கா திரும்பவும் கேட்டுப் பார்த்தார். "நீ விசா வந்து போ மகள். அதுக்குப் புறகு வீடு காக்க நான் வந்து இரிக்கன். அப்ப ஆரும் ஒண்டும் சொல்ல ஏலா" என்றாராம் அம்மா. அப்படியாகத் தாயும் மகளும் இரண்டு ஒழுங்கை இடைவெளியில், ஒருவர் கொட்டிலிலும் ஒருவர் மாளிகையிலும், விசாவுக்காகக் காத்திருந்தார்கள்.

என்னுடைய கடதாசிகளும் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் சிக்கி இழுபட்டன. அதனால் எங்கள் இருவரின் விசா நேர்காணலும் கிட்டக்கிட்ட வந்தது. அங்கே கணவரிடமும் இங்கே மனைவியிடமும் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். என் கணவரும் நானும் முதல் நாளே பேசி ஒழுங்குபடுத்திக்கொண்டோம். யார் முதலில் காதலைச் சொன்னது என்றுகூட ஒரு கதை தயாரித்தோம். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம்!

அக்காவிடம், கணவர் எத்தனை நாளைக்கொரு முறை பேசுவார் என்று கேட்டார்கள். "முந்தி ஞாயிற்றுக்கிழமையில. இப்ப ரெண்டு மாசமா எடுக்கேல்ல. விசாக் கடதாசி அனுப்பேக்க மட்டும் எடுத்தவர்" என்று அக்கா சொன்னார். கணவர் அங்கே, ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் பேசுவோம் என்று சொல்லியிருந்தார்.

விசா மறுத்துவிட்டார்கள். திரும்ப விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கணவர் எடுத்த அழைப்பு நாங்கள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது வந்தது. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஒரு பொய் சொல்ல ஏலாதா உனக்கு? தினமும் எண்டு ஒரு வார்த்த! அடுத்த முற நான் சொல்லித்தாற மாதிரிச் சொல்லு!" அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கோபமோ அழுகையோ இல்லாத குரலில் சொன்னார்:

"நீங்க தினமும் எடுங்க. நான் தினமும் எண்டு சொல்லுறன்."

இதைவிட நியாயமான ஒரு கோரிக்கையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பூனைக்குட்டியைப் பிடித்துவந்ததுபோல, வாவிக்கரையில் நடந்ததுபோல, இதையும் உண்மையாக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். கணவர் சம்மதித்தார். மத்தியான வேலைக்குப் போகுமுன், எங்கள் நேரத்துக்குப் பின்நேரம், எடுப்பதாகச் சொன்னார். ஒரு கிழமை மட்டும் எடுத்தார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு இல்லை.

எனக்கு விசா வந்தது. போவதற்கு முன் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு பின்நேரம் ஸ்கூட்டியில் ஆரையம்பதிக்குப் போனேன். மகிழ்ச்சியைக் காட்டவும் கூச்சமாக இருந்தது. அக்கா தேத்தண்ணி போட்டார். தொலைபேசி மேசை நடுவில் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்ததும், முடியாமல் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. நான் வகுப்புக் கதை, சேருடைய கதை என்று வாய் ஓயாமல் அலம்பினேன். மேசையில் கிடந்தது அடிக்கவில்லை. என் கைப்பையில் இருந்ததுதான் அடித்தது. என் கணவர்.

பட்டென்று எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"வெளிய போகாதகா. இதில இருந்தே கதை. இந்த வீட்டுக்குள்ள புருசன் பெண்சாதி கதைக்கிற சத்தம் ஒருக்கா கேக்கட்டும்."

அவர் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். நான் அந்தப் பொலித்தீன் கதிரையில் இருந்து பேசினேன். என்ன பேசினோம்? அங்கே மழையாம். காலுறை ஒன்று காணாமல் போய்விட்டதாம். நான் கொண்டுவரப்போகும் கருவாட்டுக்கு விமான நிலையத்தில் என்ன பொய் சொல்வது என்று ஒரு சண்டை. குசினியில் தண்ணீர்ச் சத்தமும் இல்லை, பாத்திரச் சத்தமும் இல்லை. அக்கா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வழமையைவிடச் சத்தமாக, வழமையைவிட நேரம் எடுத்துப் பேசினேன்.

வைத்ததும் வந்து எதிரில் இருந்தார்.

"என்ன புள்ள சொன்னவர்?"

"ஒண்டுமில்ல அக்கா. சும்மா."

"அந்தச் சும்மாதான்" என்றார். "அவர் என்னோட ஒருக்காலும் சும்மா கதைச்சதில்ல. ஒரு கிழம தினமும் எடுத்தாரே, அப்பவும் விசாக்காரங்களிட்ட என்ன சொல்லணும் எண்டுதான் பாடமாக்கித் தந்தவர். அவருக்கு என்னப் பிடிக்கேல்ல புள்ள. அத அவரும் சொல்லேல்ல, நானும் சொல்லேல்ல."

நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"எனக்குப் பொய் வராது, பொய் வராது எண்டு எல்லாரும் சிரிக்கிறீங்கதானே" என்றார் அக்கா. "இஞ்ச புருசன் இரிக்கிற மாதிரி நான் இந்த வீட்டில தனியக் கிடக்கிறது என்ன? ரெண்டு வருசமா ஊருக்குப் பொய்தானே சொல்லிட்டு இரிக்கன்."

எழுந்தார். கூந்தலை முடிந்தார். "ஸ்கூட்டிய எடு. அம்மாட்டப் போவம்."

கொட்டிலுக்குள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கூட்டிப்போக வந்த சங்கதி கேட்டதும் சுளகை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டார். "ஐயோ மகள், அவசரப்படாத. இன்னொருக்காப் போட்டுப் பாரு. நான் வந்தனெண்டா எல்லாம் முடிஞ்சிது எண்டு ஆகிடும்." தங்கை வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். அக்கா யாரோடும் வாதாடவில்லை. தாயின் பக்கத்தில் தரையில் குந்தினார்.

"அம்மா, எனக்குப் பயமா இரிக்கு. பகல்லயும் பயமா இரிக்கம்மா."

இத்தனை காலத்தில் இதை அவர் தாயிடம் சொல்லியிருக்கவில்லை போலும். அம்மா மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து பாயைச் சுருட்டினார்.

என் ஸ்கூட்டியில் நாங்கள் மூன்று பேர். நடுவில் அம்மா, அவர் மடியில் பாயும் தலையணையும், பின்னால் ஒரு உடுப்புப் பையோடு அக்கா. நல்ல வெளிச்சம். வீதியில் சனம் இருந்த நேரம். பாயைக் கண்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் இத்தனை நாளும் ஊர் வாயைப் பற்றிப் பகிடி விட்டவள். அன்றைக்கு நானும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஓட்டினேன்.

கேற்றடியில் இறங்கும்போது பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு வந்துவிட்டார்.

"என்ன மச்சி, பாயும் கையுமா? மகளோட ரெண்டு நாள் நிண்டுட்டுப் போக வந்தயா?"

நல்ல மனுசி அவர். நழுவிப் போக ஒரு வழியைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டப் போனார். நானும் "ஓம் மாமி" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"இல்ல மாமி" என்றார் அக்கா. "அம்மா இனி இஞ்சதான். அவர் வரமாட்டார்."

மாமி வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்றார். அம்மா அழத் தொடங்கினார், சத்தமில்லாமல். அக்கா கேற்றைத் திறந்து, தாயின் கையிலிருந்த பாயை வாங்கிக்கொண்டு, அவரை முன்னால் போகவிட்டார். விறாந்தையில் ஏறும்போது அவர் தாயிடம் கேட்டது என் காதில் விழுந்தது:

"இரவைக்கு என்னம்மா சமைப்பம்?"